ஆறு முறையும் ஐந்தா?

ஒரு ஜாடியில் 100 மிட்டாய்கள். 50 சிவப்பு, 30 நீலம், 20 மஞ்சள். நன்றாகக் குலுக்கிவிட்டு, பார்க்காமல் 10 மிட்டாய்களை அள்ளினால் எத்தனை சிவப்பு வரும்?

1996இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டார்கள். எதிர்பார்த்த விடை ஐந்து. ஜாடியில் பாதி சிவப்பு என்றால் கையிலும் பாதி சிவப்பு. கணக்கு முடிந்தது.

மைக்கேல் ஷாக்னெஸ்ஸி என்ற கணிதக் கல்வியாளருக்கு இந்தக் கணக்கு முடிந்ததாகத் தெரியவில்லை. ஐந்து என்று எழுதிய பிள்ளை எதை நினைத்து எழுதியது? எப்போது அள்ளினாலும் ஐந்துதான் வரும் என்றா, ஐந்தை ஒட்டி முன்னே பின்னே வரும் என்றா? இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளமே இருக்கிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பெண். அவரும் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜேன் வாட்சனும் இன்னும் சிலரும் சேர்ந்து கேள்வியைச் சற்றே நீட்டினார்கள். ஒருவர் அள்ளிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஜாடியில் போடுகிறார், குலுக்குகிறார். அடுத்தவர் அள்ளுகிறார். இப்படி ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் எத்தனை சிவப்பு வந்திருக்கும்? ஆறு எண்களை எழுது.

அவ்வளவுதான் மாற்றம். ஒரே விடையாகத் தெரிந்தது பல விடைகளாகப் பிரிந்துவிட்டது. 5, 5, 5, 5, 5, 5 என்று எழுதியவர்கள் ஒரு கூட்டம். சிவப்புதானே அதிகம், அதனால் ஒவ்வொரு முறையும் அதிகமாகவே வரும் என்று ஏழும் எட்டும் ஒன்பதுமாக அடுக்கியவர்கள் இன்னொரு கூட்டம். எது வேண்டுமானாலும் வரலாம் என்று 1, 10, 3, 8 என்று இறைத்தவர்கள் உண்டு. 5, 4, 6, 5, 7, 4 என்பதுபோல் ஐந்தைச் சுற்றிச் சுற்றி எழுதியவர்களும் உண்டு.

ஐந்து என்பது தனியாகப் பார்த்தால் மிகச் சிறந்த ஊகம். வேறெந்த எண்ணைவிடவும் அது வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த 'அதிகம்' எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வெறும் 26 சதவீதம்தான். நான்கு முறை அள்ளினால் ஒரு முறை சரியாக ஐந்து வரும், மூன்று முறை வராது. ஆறு பேருக்கும் தொடர்ந்து ஐந்தே வர வேண்டுமென்றால் வாய்ப்பு ஏறத்தாழ 3,300இல் ஒன்று. மாறாக, மூன்றிலிருந்து ஏழுக்குள் விழும் வாய்ப்பு சுமார் 91 சதவீதம். ஆக, ஒரு தடவைக்குச் சொன்னால் முழு மதிப்பெண் பெறும் ஐந்து, ஆறு தடவை சொன்னால் உலகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாகிவிடுகிறது. மாறுபாடு என்ற ஒன்று உண்டு, அதற்கு ஒரு வரம்பும் உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் 5, 4, 6, 5, 7, 4 என்று எழுதும். முதல் கேள்வியில் அந்தப் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்கவே வழியில்லை.

புள்ளியியல் எழுத்தறிவை அளப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஜாடிக்குள் இருக்கிறது. மற்ற கணக்குகளில் சரியான விடை வந்தால் புரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இங்கே நம்ப முடியாது.

லண்டன் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜாடிக் கேள்வி வராது, நீட்டியோ நீட்டாமலோ. இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டுத் தேசியப் பாடத்திட்டத்தில் தொடக்கப்பள்ளியிலேயே நிகழ்தகவு இருந்தது. உறுதி, சந்தேகம், நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற பேச்செல்லாம் வகுப்பறையில் நடந்தது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் நிகழ்தகவை எடுத்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டது. எஞ்சியிருப்பதற்குப் புள்ளியியல் என்று பெயர். முதலாம் ஆண்டு வகுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் நேர்க்கோட்டுக் குறிகள், பட விளக்கப்படம். மூன்றாம் ஆண்டில் பட்டை வரைபடம். ஐந்தில் கோட்டு வரைபடமும் பஸ், ரயில் கால அட்டவணையும். ஆமாம், கால அட்டவணை பார்ப்பதும் அங்கே புள்ளியியல்தான். ஆறாம் ஆண்டில் வட்ட விளக்கப்படமும் சராசரியும். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்று வரும் அலகைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தெரியாது.

ஆறாம் ஆண்டு முடிவில், மே மாதத்தில், 'சாட்ஸ்' என்று பெற்றோர் சொல்லும் தேர்வு வருகிறது. கணிதத்துக்கு மூன்று தாள்கள். முதல் தாள் வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்: 30 நிமிடம், 40 மதிப்பெண். அடுத்த இரண்டும் தலா 40 நிமிடம், 35 மதிப்பெண். மொத்தம் 110. இதில் அளவை, வடிவியல், புள்ளியியல் மூன்றும் சேர்ந்தே கால் பங்கைத் தாண்டுவதில்லை. அந்தக் கால் பங்கிலும் புள்ளியியலுக்குக் கிடைப்பது ஓரமாக ஓர் இடம். இதற்கு எதிர்முனையில் வாய்ப்பாடு இருக்கிறது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கென்றே தனியாக ஒரு தேசியத் தேர்வு, 25 கேள்விகள், கேள்விக்கு ஆறு விநாடி. அரசு எதை முக்கியமாக நினைக்கிறது என்பதை எங்கே கடிகாரத்தை வைக்கிறது என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இது நடக்கும் ஊர் எது என்பதுதான் வேடிக்கை. லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி, வாராவாரம் அச்சாகும் சாவுப் பட்டியல்களைத் தொகுத்து 1662இல் ஒரு புத்தகம் போட்டார். மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1911இல் கார்ல் பியர்சன் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் தொடங்கியதுதான் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை. இரண்டுக்கும் இடையில், 1834இல், லண்டன் புள்ளியியல் சங்கம் பிறந்தது. இன்று அதற்கு ராயல் புள்ளியியல் சங்கம் என்று பெயர். அந்தச் சங்கத்தின் ஆரம்பகாலச் சின்னம் ஒரு கோதுமைக் கட்டு. அதைச் சுற்றி லத்தீனில் ஒரு வாசகம்: போரடிப்பது மற்றவர்கள் வேலை. நாங்கள் தகவல்களை அறுத்துக் கட்டிக் களத்தில் போடுகிறோம், அதிலிருந்து மணியைப் பிரித்தெடுப்பதும் கருத்துச் சொல்வதும் எங்கள் வேலை அல்ல என்று பொருள். சங்கத்துக்கே அது கட்டுப்படியாகவில்லை. 1857இல் வாசகத்தைக் கைவிட்டார்கள். ஆறாம் ஆண்டு வினாத்தாளைப் பார்த்தால் வாசகம் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது. கட்டுகளை எண்ணத் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். போரடிக்கத் தெரிகிறதா என்று கேட்பதில்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள தூரத்தை ஃபிரான்சிஸ் கர்சியோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் மூன்று படிகளாகப் பிரித்தார். ஒரு வகுப்பில் யார் யார் எப்படிப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று ஒரு பட்டை வரைபடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் வருபவர்கள் எத்தனை பேர்? வரைபடத்தில் உள்ளதை அப்படியே படித்தால் போதும். நடந்து வருபவர்கள் பஸ்ஸில் வருபவர்களைவிட எத்தனை பேர் அதிகம்? இரண்டு பட்டைகளை ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். நாளை ஒரு புதிய பிள்ளை சேர்கிறது, அது எப்படி வரும் என்று நினைக்கிறாய்? இதற்கு விடை வரைபடத்தில் இல்லை. வரைபடத்தைத் தாண்டிப் போக வேண்டும். 'நடந்துதான் வரும்' என்று சொல்லும் பிள்ளையும், 'சொல்ல முடியாது' என்று கையை விரிக்கும் பிள்ளையும், 'நடந்து வர வாய்ப்பு அதிகம், ஆனால் வீடு எங்கே என்று தெரிய வேண்டுமே' என்று இழுக்கும் பிள்ளையும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள். முதல் இரண்டு படிகளுக்கு ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் என்று போட்டு லட்சக்கணக்கான தாள்களை வேகமாகத் திருத்திவிடலாம். மூன்றாவது படிக்கு யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பெரியவர்கள் மட்டும் என்ன செய்துவிடுகிறார்கள் என்று கேட்கலாம். ராயல் புள்ளியியல் சங்கம் கேட்டே விட்டது. 2012இல் 97 பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் இரண்டிலும் தலை விழ வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். 25 சதவீதம் என்று சரியாகச் சொன்னவர்கள் 40 சதவீதம் பேர். ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது பாதிக்குச் சற்று மேல். பத்திரிகைகள் சிரித்தன. உறுப்பினர்கள் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். 1754இல் பிரான்சின் மாபெரும் கலைக்களஞ்சியத்தில் தலையா பூவா பற்றிக் கட்டுரை எழுதிய கணித மேதை தலம்பேர், இரண்டு சுண்டில் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதிவைத்தார். சரியான விடை நான்கில் மூன்று. தலம்பேருக்கே சறுக்கிய இடத்தில் எம்.பி.க்கள் சறுக்கினால் அதிசயமில்லை.

சராசரிக்கு வருவோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சராசரி என்றால் எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. தேர்வில் ஐந்து எண் கொடுத்தால் கண்டுபிடித்துவிடும். ஜான் மோக்ரோஸ், சூசன் ஜோ ரஸ்ஸல் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் கேள்வியைத் தலைகீழாக்கினார்கள். ஒன்பது வகை உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுகள். அவற்றின் வழக்கமான விலை 1 டாலர் 38 சென்ட். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு விலை போடு. பிறகு ஒரு கட்டுப்பாடு: 1.38 என்ற விலையை எந்தப் பாக்கெட்டுக்கும் போடக் கூடாது.

எண்களைக் கொடுத்துச் சராசரி கேட்பதற்கும் சராசரியைக் கொடுத்து எண்களைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரிந்தது. கட்டுப்பாடு வரும்வரை எல்லாப் பாக்கெட்டுக்கும் 1.38 போட்ட பிள்ளைகள் அதன் பிறகு நகர முடியாமல் நின்றார்கள். அவர்களுக்குச் சராசரி என்றால் அதிகம் வரும் எண். சிலர் 1.38ஐ நட்டநடுவில் வைத்து இந்தப் பக்கம் ஒரு சென்ட் குறைத்தால் அந்தப் பக்கம் ஒரு சென்ட் கூட்டினார்கள். கூட்டி வகுக்கும் விதியைக் கெட்டியாகப் பிடித்திருந்த பிள்ளைகளில் சிலர்தான் மிகவும் திணறினார்கள். ஒன்பதால் பெருக்கி, வந்த தொகையை எப்படியோ துண்டு துண்டாக்கி, கடையில் யாரும் பார்த்திராத விலைகளைப் போட்டார்கள். சிப்ஸ் என்ன விலை விற்கும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? விதி தெரியவந்ததும் அந்தப் பொது அறிவு ஒதுங்கிக்கொண்டது. சாட்ஸ் தாளில் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய பிள்ளை இந்தப் பிள்ளைதான்.

லண்டனில் இதைப் பற்றி யோசித்தவர்கள் ப்ளூம்ஸ்பரியில், பெட்ஃபோர்ட் வேயில் இருக்கும் கல்வியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இப்போது அது யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஒரு பகுதி. பிற்பாடு அங்கே பேராசிரியரான டேவ் பிராட், 1998இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வுக்காக ஒரு கணினி நிரல் செய்தார். பெயர் 'சான்ஸ் மேக்கர்'. திரையில் நாணயம், பகடை, சுழல் தட்டு எல்லாம் இருக்கும். சில சரியாக வேலை செய்யாது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் எது பழுது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். பகடையைத் திறந்தால் 1, 2, 3, 4, 5, 6, 6, 6 என்று இருக்கும்.

தாளில் கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள், பகடை என்பது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது, யார் இஷ்டத்துக்கும் வளையாதது, ஒழுங்கில்லாமல் விழுவது என்று சொல்லியிருப்பார்கள். மூன்றும் சரி. மூன்றும் அடுத்து என்ன விழும் என்பதைப் பற்றியவை. நெடுங்காலத்தில் என்ன ஆகும் என்ற எண்ணமே அவர்களிடம் முதலில் இல்லை. சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, வந்ததை வட்ட விளக்கப்படமாகப் போட்டார்கள். சில முறை சுழற்றினால் துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன. பகடை இன்னும் கெட்டிருக்கிறது என்று மறுபடி திறந்து நோண்டினார்கள். பிறகு யாராவது ஒருவர் நூற்றுக்கணக்கில் சுழற்றிவிடுவார். துண்டுகள் சமமாகிவிடும். எவ்வளவு அதிகம் எறிகிறோமோ அவ்வளவு வட்டம் சமமாகிறது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்தார்கள். 1713இல் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலியின் புத்தகம் வெளிவந்தபோது அதில் நிரூபணத்தோடு இருந்த விஷயத்தின் குழந்தைப் பதிப்பு அது.

இதில் மதிப்பீடு எங்கே வருகிறது என்றால், வட்டம் கோணலாக வந்ததும் பிள்ளை அடுத்து என்ன செய்கிறது என்பதில். பகடையைத் திறக்கிறதா, இன்னும் எறிகிறதா? அந்த ஒரு செயல், அது எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடும்.

இன்னும் சின்னவர்களிடமும் போனார்கள். எஃபி பாப்பரிஸ்டோடெமூ, ரிச்சர்ட் நாஸ், பிராட் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இருப்பவர்கள் ஐந்தரை முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். கணினித் திரையில் ஒரு விண்வெளிப் பையன். ஒரு வெள்ளைப் பந்து துள்ளித் துள்ளி மற்ற பந்துகள்மேல் மோதும். ஒரு நிறத்தில் பட்டால் பையன் மேலே போவான், இன்னொன்றில் பட்டால் கீழே. பந்துகளை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் விளையாட்டு நியாயமாக இருக்க வேண்டும். சிலர் இரண்டு நிறத்திலும் சம எண்ணிக்கை வைத்து, கோலம் போடுவதுபோல் இருபுறமும் அச்சுப் பிசகாமல் அடுக்கினார்கள். நியாயம் என்றால் சமச்சீர். சிலர் எல்லாவற்றையும் கலைத்துக் கலந்து பரப்பினார்கள். யாருக்கும் சாதகமில்லாதபடி கலைத்துவிடுவதும் நியாயம்தான். நியாயத்துக்கும் தற்செயலுக்கும் உள்ள உறவை, பின்னம் என்றால் என்னவென்றே தெரியாத ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டு வழியில் யோசித்துவைத்திருந்தார்கள். நிகழ்தகவு இந்த வயதுக்கு அதிகம் என்று பாடத்திட்டம் எழுதியவர்கள் இந்தத் திரைகளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்படியெல்லாம் நாடு முழுக்கப் பிள்ளைக்கொரு ஆய்வாளரை உட்கார வைக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபணை. அதற்கு ஓரளவு பதில் உண்டு. ஜேன் வாட்சனும் ரோஸ்மேரி கால்லிங்காமும் 2003இல் ஆஸ்திரேலியப் பிள்ளைகளின் எழுத்து விடைகளைச் சரி, தவறு என்று பிரிக்காமல், சிந்தனையின் தரத்தைப் பொறுத்துப் படிப்படியாக மதிப்பிட்டார்கள். அதிலிருந்து ஆறு நிலைகள் கிடைத்தன. அடிநிலையில் பிள்ளை சொந்தக் கதை சொல்லும்: 'சிவப்பு வரும், ஏனென்றால் எனக்குச் சிவப்பு பிடிக்கும்.' உச்சியில், கணக்கும் போட்டுக் கணக்கைச் சந்தேகிக்கவும் செய்யும். ஐந்தாம் நிலையில்தான் கேள்வி கேட்கும் குணம் வருகிறது. அதற்குக் கீழே நான்காம் நிலையில் இருப்பவர்கள் வரைபடம் படிப்பார்கள், சராசரி போடுவார்கள், எதையும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்த நான்காம் நிலையில் நிற்கும் பெரியவர்களை லண்டனில் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு நாலு வயதாகும்போதே பள்ளித் தரவரிசைப் பேச்சு ஆரம்பித்துவிடும். எந்தப் பள்ளியில் எத்தனை சதவீதம் தேறினார்கள், போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா, அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு கிடைக்குமா, பிறகு சட்டனிலோ ரெட்பிரிட்ஜிலோ பார்னெட்டிலோ நுழைவுத் தேர்வு வைக்கும் கிராமர் ஸ்கூலுக்கு டியூஷன் எப்போது ஆரம்பிக்கலாம். நம்மவர்கள் மட்டும் என்றில்லை, ஊரே அப்படித்தான். பிள்ளைகள் எழுதும் சாட்ஸ் விடைத்தாள்கள்தான் இந்தச் சதவீதங்களாக மாறுகின்றன.

அந்தச் சதவீதங்களை எவ்வளவு நம்பலாம்? பல தொடக்கப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் ஒரே வகுப்பு, சுமார் 30 பிள்ளைகள். ஒரு பிள்ளை என்பது 3.3 சதவீதம். அன்று காலை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளி 3.3 புள்ளி இறங்கிவிடும். நாட்டில் கணிதத்தில் எதிர்பார்த்த தரத்தை எட்டும் பிள்ளைகள் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஒரு பள்ளி துல்லியமாக அந்தச் சராசரித் தரத்தில், எந்த மாற்றமும் இல்லாமல், வருடா வருடம் ஒரே மாதிரி நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 30 பேரில் ஒரு வருடம் 18 பேர் தேறலாம், ஒரு வருடம் 27 பேர் தேறலாம். அதாவது 60 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை. ஆசிரியர்கள் மாறவில்லை, பாடம் மாறவில்லை. ஜாடியிலிருந்து வேறு 30 பேர் வந்தார்கள், அவ்வளவுதான்.

இதை உரக்கச் சொன்னவர் அதே பெட்ஃபோர்ட் வே நிறுவனத்தின் புள்ளியியல் பேராசிரியர் ஹார்வி கோல்ட்ஸ்டைன். 1977இலிருந்து 2005 வரை அங்கே இருந்தவர். அரசு பள்ளித் தரவரிசைகளை வெளியிடத் தொடங்கிய 1990களில், டேவிட் ஸ்பீகல்ஹால்டருடன் சேர்ந்து தரவரிசைகளின் வரம்புகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1996இல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எண் போடாமல், அந்த எண் எந்த எல்லைக்குள் ஆடக்கூடும் என்று ஒரு நம்பிக்கை இடைவெளியைக் கோடாக வரைந்தார்கள். பிள்ளைகள் சேரும்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தால், பெரும்பாலான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. உச்சியில் சில பள்ளிகளும் அடியில் சில பள்ளிகளும் மட்டும் தனித்துத் தெரிந்தன. நடுவில் இருந்த பெருங்கூட்டத்தில் ஒரு பள்ளியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. மருத்துவமனைகளுக்கும் இதே கதைதான் என்று அந்தக் கட்டுரை காட்டியது.

பின்னாளில் அரசு கொஞ்சம் காது கொடுத்தது. 2016இலிருந்து தொடக்கப்பள்ளிகளுக்கு வெளியிட்ட முன்னேற்ற மதிப்பெண்களோடு நம்பிக்கை இடைவெளியும் அச்சானது. முன்னேற்றத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் ஏழு வயதுத் தேர்வுகள் கொரோனாவால் நடக்காமல்போனதால் 2024இலும் 2025இலும் அந்த மதிப்பெண்களையே கணக்கிட முடியவில்லை. அந்த ஆண்டுகளில் பெற்றோர் கையில் பெரும்பாலும் மிஞ்சியது வெறும் சதவீதம்.

வேறு வழியில்லாமல் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், குறைந்தது மூன்று ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். 30 பேர் 90 பேராகிவிடுவார்கள். தற்செயலால் மட்டும் முன்பின்னாக 16 புள்ளி வரை ஆடிய சதவீதம் 9 புள்ளிக்குள் அடங்கும். மூன்று எண்களுக்குச் சராசரி போட வீட்டில் இருக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையைக் கூப்பிடலாம், சட்டென்று போட்டுவிடும். போட்டு முடித்ததும், ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் ஏன் போதாது என்று கேட்டுப் பாருங்கள்.